‘பாஷ்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை விசாரிக்கும் முறை

“பாஷ் ஏரியால வீடு வாங்கியிருக்காங்க” என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறோம். பி-ஓ-எஸ்-எச் என்ற நான்கெழுத்துச் சொல் அது. வசதி, நவநாகரிகம், கொஞ்சம் மேட்டிமை எல்லாம் கலந்த பொருள். எப்படி வந்த சொல் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் பதிலாக வரும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஓடிய பி அண்ட் ஓ கப்பல்களில் வரும்போது இடப்பக்க அறை, போகும்போது வலப்பக்க அறை என்று எடுத்தால் வெயில் உறைக்காது. அவற்றுக்குக் கட்டணம் அதிகம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரை குத்தினார்கள். அப்படிப் பயணம் செய்த பணக்காரர்களுக்கே அது அடைமொழி ஆகிவிட்டது.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் கிடையாது. அதை யாரோ சொல்லி நம்புவதைவிட நீங்களே விசாரித்து முடிவுக்கு வருவது நல்லது. கீழே உள்ள முறை எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்தும்; ‘பாஷ்’ இங்கே உதாரணம். தேவைப்படுவது இணையம், துண்டுச் சீட்டுகள் கொஞ்சம், இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள்.

கதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

கேள்விப்பட்ட விளக்கத்தை ஒரே வாக்கியமாக எழுதி, அதற்குள் எத்தனை கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பாஷ் கதையில் நான்கு இருக்கின்றன. அப்படி ஒரு முத்திரை இருந்தது. அதைக் குத்தியது பி அண்ட் ஓ. இது கப்பல் பயணம் நடந்த காலத்திலேயே வழக்கில் இருந்தது. அறையைக் குறித்த சொல் பிறகு ஆளைக் குறித்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். முதல் இரண்டுக்கு ஒரு டிக்கெட்டோ நிறுவனப் பதிவோ போதும். மூன்றாவதுக்கு அந்தக் காலத்து அச்சு வேண்டும். நான்காவதுக்கு, பொருள் நகர்ந்ததைக் காட்டும் இடைப்பட்ட வாக்கியங்கள் வேண்டும்.

இந்த நிலையில் பலர் செய்யும் தவறு, கதை நடந்திருக்கக் கூடியதா என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவது. வரைபடத்தை விரிப்பார்கள். ஏடனைத் தாண்டி அரபிக் கடலில் கிழக்கே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு, வெயில் தெற்கே, ஆகவே இடப்பக்கம் நிழல், கதை உண்மை! கொஞ்சம் பொறுங்கள். ஏடன் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, பம்பாய் 19இல். ஜூன் மாதம் சூரியன் 23 டிகிரி வடக்கு வரை ஏறிவிடும். அந்த மாதத்து நண்பகலில் அதே கப்பலுக்கு வெயில் வடக்கிலிருந்து, அதாவது காசு கொடுத்து வாங்கிய பக்கத்தில் விழும். இந்தக் கணக்கால் கதை பொய்யாகிவிடாது, மெய்யாகவும் ஆகாது. நடந்திருக்கலாம் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுத் தேதிக்குப் போங்கள்.

அகராதியில் முதலில் பார்க்க வேண்டியது வருடம்

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று போதும்: சொற்பிறப்பு சொல்லும் எட்டிமான்லைன் தளம், மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இணையப் பதிப்பு, கொச்சைச் சொற்களுக்கென்றே ஜானதன் கிரீன் தொகுத்த அகராதி. சொல் நாகரிகம், பகட்டு, குடி, காசு சம்பந்தப்பட்டது என்றால் கிரீனைக் கட்டாயம் பாருங்கள். இந்த வகைச் சொற்கள் முதலில் தெருவிலும் பாசறையிலும் புழங்கி, பிறகுதான் பொது அகராதிக்குள் நுழையும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குச் சந்தா வேண்டும். பல்கலைக்கழக நூலகம் கைக்கெட்டினால் அங்கே கேளுங்கள். இந்தியத் தொடர்பு இருப்பதாகச் சொல்லப்படும் சொல்லென்றால் யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி ஹாப்சன்-ஜாப்சன் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இலவசம்.

பதிவைத் திறந்ததும் கண் விளக்கத்துக்குத்தான் ஓடும். ஓட விடாதீர்கள். வருடத்தையும் சொல்வகையையும் முதலில் குறியுங்கள். பெயர்ச்சொல்லா, பெயரடையா? இரண்டுக்கும் வேறு வேறு வருடம் இருக்கும். ‘பாஷ்’ விஷயத்தில் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு போடுங்கள். சொல் அச்சில் இருக்கும் எழுத்துக்கூட்டு, அந்த வாக்கியத்தில் அதன் பொருள், வருடம், நூலும் பக்கமும், இது எதை நிறுவுகிறது என்று ஒரு வரி. இந்த ஐந்தும் இல்லாத சீட்டு பிறகு உதவாது. ஐந்தாவதை எழுதச் சோம்பல்பட்டால், ஒரு மாதம் கழித்து அந்தச் சீட்டை ஏன் எடுத்தோம் என்று உங்களுக்கே தெரியாது.

‘பாஷ்’ சொல்லுக்கு இப்படிச் சேரும் சீட்டுகளை வருட வாரியாக அடுக்கினால் இது கிடைக்கும்:

1830: திருடர் பேச்சில் ‘பாஷ்’ என்றால் பணம். ஆதியில் அரைப்பென்னி போன்ற சில்லறைக் காசு. பெயர்ச்சொல்.

1890: பாரேர், லீலண்ட் தொகுத்த கொச்சை அகராதியில் ‘பாஷ்’ என்றால் ஆடை அலங்காரப் பிரியன், மைனர். பெயர்ச்சொல்.

1892: கிராஸ்மித் சகோதரர்கள் எழுதிய நகைச்சுவை நாட்குறிப்பு நாவல் நூலாக வருகிறது. அதில் மர்ரி பாஷ் என்று ஒரு படாடோபப் பேர்வழி.

1903: ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸின் பள்ளிக் கதை ஒன்றில், கேம்பிரிட்ஜிலேயே மிகவும் ‘புஷ்’ஷான இடுப்புச் சட்டை என்று வருகிறது. பெயரடை, ஆனால் எழுத்து ஓ அல்ல, யூ.

1914: பிரிட்டிஷ் ராணுவ வாழ்க்கையைப் பற்றி இ. சார்ல்ஸ் விவியன் எழுதிய நூல். குதிரைப்படைக்காரர்கள் விரும்பி அணியும், ராணுவம் வழங்காத உயர்தர உடைக்கு ‘பாஷ்’ என்று பெயர் என அவரே விளக்கம் தருகிறார். பெயரடை.

1918 செப்டம்பர் 25: பஞ்ச் என்ற லண்டன் நகைச்சுவை இதழில் ஒரு கேலிச்சித்திரம். விமானப்படை அதிகாரி ஒருவர் ‘பாஷ்’ என்று சொல்ல, அப்படியென்றால் என்ன என்று தாய் கேட்கிறார்.

1935 அக்டோபர் 17: டைம்ஸ் இலக்கிய இணைப்பில் வந்த வாசகர் கடிதம். ‘போர்ட்-ஸ்டார்போர்டு’ விளக்கத்தின் மிகப் பழைய அச்சுச் சான்று இதுதான்.

சீட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் தெரியும், கப்பல் கதை கடைசியில் நிற்கிறது. பி அண்ட் ஓ நிறுவனம் இந்தியத் தபால் சேவையைத் தொடங்கியது 1842இல். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அந்தப் பயணங்களைப் பற்றிக் கடிதமும் நாட்குறிப்பும் நினைவுக்குறிப்பும் மலைபோல எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் எல்லாம் வாய் திறக்காத முத்திரை, 90 வருடம் கழித்து ஒரு பத்திரிகைக் கடிதத்தில் முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை வெளிப்படவில்லை. 1914இல் சொல்லை நாம் சந்திக்கும் இடமும் கப்பல் தளம் இல்லை, குதிரைப்படைப் பாசறை. 1918இல் அந்தத் தாய்க்கு அர்த்தம் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். சித்திரத்தின் சிரிப்பே அதில்தான் இருக்கிறது: சொல் அப்போது இளைஞர் பேச்சு, மேட்டுக்குடி வீட்டுச் சொல் அல்ல. விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் கப்பலில் புழங்கிய சொல்லாக இருந்திருந்தால், விளக்கம் கேட்டிருக்க வேண்டியவன் மகன்.

முதலெழுத்துக் கதை என்றாலே சந்தேகம்

முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் முதல் உலகப் போரை ஒட்டித்தான் பரவியது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவின் பெயரைச் சுருக்கிய 1915இன் ‘அன்சாக்’ அதற்கு நல்ல அடையாளம். ‘அக்ரோனிம்’ என்ற பெயரே 1940களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட ஒரு சொல்லுக்கு யாராவது எழுத்துக்கு எழுத்து விரிவாக்கம் சொன்னால், நூற்றுக்குத் தொண்ணூறு பின்னால் தைத்த சட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்து என்பதும், ‘டிப்’ என்ற இனாமுக்குச் சொல்லப்படும் விரிவாக்கமும் இந்த ரகம்தான்.

விதிவிலக்கு உண்டு. ‘ஓகே’ உண்மையிலேயே முதலெழுத்துச் சுருக்கம். வேண்டுமென்றே தப்பாக எழுதிய ‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கம் அது. அதை ஒத்துக்கொள்வதற்குக் காரணம் கதை நன்றாக இருப்பது அல்ல. 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் சுருக்கமும் விளக்கமும் சேர்ந்தே அச்சாகியிருப்பதை ஆலன் வாக்கர் ரீட் தேடி எடுத்துக் காட்டினார். எந்த முதலெழுத்துக் கதையிடமும் இந்தத் தரத்தைக் கேளுங்கள்.

நீங்களே தேடும்போது

அகராதி தரும் வருடம் சொல்லின் பிறந்தநாள் அல்ல. அகராதிக்காரர் கண்ணில் பட்ட முதல் நாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய சான்றைத் தேடுவதுதான் இந்த வேலையின் ருசி.

கூகுள் புக்ஸில் தேடுசொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, கருவிகள் பகுதியில் கால எல்லையை 1800 முதல் 1914 வரை வையுங்கள். வெறும் ‘பாஷ்’ என்று தேடினால் குப்பை கொட்டும். உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்த எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு லோஸ்டாஃப்டில் ஒரு மீனவ நண்பர் இருந்தார். ஜோசப் ஃபிளெட்சர் என்ற அவருடைய பட்டப்பெயர் ‘பாஷ்’. ஃபிட்ஸ்ஜெரால்டின் கடிதத் தொகுப்புகள் எல்லாம் வந்து நிற்கும். பக்கத்துணைச் சொல் சேர்த்தால் இந்த இரைச்சல் அடங்கும்: உடை, இடுப்புச் சட்டை, கொச்சை, பகட்டுக்காரன் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள்.

கிடைத்த பக்கத்தின் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இயந்திரம் படித்துத் தரும் உரையில் ‘ஜாஷ்’, ‘பிஷ்’, ‘புஷ்’ எல்லாமே மை மங்கிய இடத்தில் ‘பாஷ்’ ஆகிவிடும். அடுத்து நூலின் முகப்புப் பக்கத்துக்குப் போய் வருடத்தை உங்கள் கண்ணால் படியுங்கள். பருவ இதழ்களுக்குத் தளம் பெரும்பாலும் முதல் தொகுதியின் வருடத்தையே போட்டுவிடும். 1931 இதழ் 1875 என்று காட்டும். 1899 என்று இருந்தால் இரண்டு முறை பாருங்கள். வருடம் தெரியாத நூல்களுக்கு அந்த எண் விழுந்துவிடுவது பழைய நோய். துணுக்கு மட்டுமே காட்டும் நூலில் முகப்பைப் பார்க்க முடியாதென்றால், அதே நூலை இன்டர்நெட் ஆர்க்கைவிலோ ஹாத்திடிரஸ்டிலோ தேடுங்கள். ஆர்க்கைவில் தலைப்புக்குள் தேடுவதை விட்டு, உரைக்குள் தேடும் தெரிவுக்கு மாற்ற மறந்துவிடக் கூடாது. ‘ஒன்றும் இல்லை’ என்று வருவதற்குப் பாதி சமயம் அதுதான் காரணம்.

பத்திரிகைகளுக்கு ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா மூன்றும் இலவசம். லண்டன் கொச்சை, அதுவும் திருட்டுக் கொச்சை என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் ஒரு புதையல். 1674 முதல் 1913 வரையிலான வழக்குப் பதிவுகள் அங்கே தேடக் கிடைக்கின்றன. வாக்குமூலத்தில் கொச்சை வந்தால் அதன் பொருளையும் அங்கேயே சொல்லிவிடுவது உண்டு. வேறெந்த மூலமும் இப்படிப் பொருளைத் தட்டில் வைத்துத் தராது.

ஒரு சொல் எந்த வருடம் எவ்வளவு அச்சானது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுளின் என்கிராம் வரைபடத்தைத் தொடக்கம் கண்டுபிடிக்க நம்பாதீர்கள். சொல் எந்தப் பத்தாண்டில் பரவியது என்று பார்க்க மட்டும் அது உதவும். மென்மையாக்கல் அளவை 3இலிருந்து 0க்கு மாற்றி, பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பைத் தெரிவு செய்யுங்கள். மாற்றாவிட்டால் 1914இன் ஏற்றம் 1911லேயே தொடங்கியதுபோல் கோடு ஏமாற்றும்.

மீதமுள்ள கதைகளை நிறுத்துப் பார்ப்பது

கப்பல் போனால் இரண்டு கருத்துகள் மிஞ்சும். ஒன்று, உருது-பாரசீக ‘போஷ்’. அணிந்தவர், மூடியது என்று பொருள். ‘சஃபேத் போஷ்’ என்றால் வெள்ளாடைக்காரர், வசதியானவர். சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான ‘பலம்பூர்’ அச்சுத்துணி விரிப்பின் ஆங்கிலப் பெயர்கூட ‘பலங்க்போஷ்’ சிதைந்தது என்றே கருதப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மொழிகளில் ‘போஷ்’ இன்னொரு சொல்லின் வாலாக ஒட்டி வருவது. தனியே நின்று ‘பகட்டான’ என்று பொருள் தராது. அது ஆங்கிலத்தில் தனித்து இறங்கிய படியைக் காட்டும் ஒரு வாக்கியமாவது வேண்டும். அந்தச் சீட்டு இல்லை.

இன்னொன்று ரோமானி. ஐரோப்பாவின் ரோமா மக்களுடைய மொழியில் ‘பாஷ்’ என்றால் பாதி. அதிலிருந்து அரைப்பென்னி, காசு, காசுள்ளவன், மைனர், பகட்டான என்று படிகள் இறங்குகின்றன. இங்கே ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரு சீட்டு இருக்கிறது. ரோமானி இந்திய-ஆரியக் குடும்பத்து மொழி. அந்தச் சொல்லை வடமொழியின் ‘பார்ஶ்வ’ என்ற பக்கத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைப்பது வழக்கம். நம் ‘பாரிசவாயு’வில் உடம்பின் ஒரு பக்கத்தைக் குறிப்பதும் அதே சொல்தான்.

இதிலும் பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மைனரைக் குறித்த பெயர்ச்சொல்லுக்கும் 1914இன் பெயரடைக்கும் நடுவே நேரடிப் பாலம் இல்லை. லீலண்ட் வேறு ஜிப்சி ஆய்வுச் சங்கத்தின் முதல் தலைவர், ரோமானிப் பித்தர். கையில் சுத்தியல் வைத்திருப்பவரிடம் ஆணியைப் பற்றிக் கேட்ட கதைதான். ஆகவே தீர்ப்பை இப்படி எழுதுங்கள்: “பெயரடை 1914 முதல், மூலம் உறுதியில்லை, மைனர், காசு என்ற பொருள் கொண்ட பழைய கொச்சையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், கப்பல் கதைக்கு ஆதாரமில்லை.” ‘மூலம் உறுதியில்லை’ என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். பெரிய அகராதிகளே அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன.

ஒலி ஒற்றுமை என்ற பள்ளம்

தமிழர்கள் அதிகம் விழுவது இதில்தான். ‘கில்’லும் கொல்லும், ‘ஒன்’னும் ஒன்றும் ஒன்றே என்று பட்டியல் போடுவார்கள். ஓசை ஒத்தால் விசாரணை தொடங்கலாம், முடிக்கக் கூடாது. ‘கேஷ்’ நல்ல பாடம். சீனாவின் துளையிட்ட காசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’, நம் காசுதான்; போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் கடையில் நீட்டும் ‘கேஷ்’ வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக லத்தீனிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பூர்வீகம் இரண்டு. ஒரே சீட்டில் இரண்டையும் எழுதினீர்கள் என்றால் தீர்ந்தது.

கை பழக இரண்டு சொற்கள்

‘டியூட்’ எளிது. இன்று ‘மச்சி’ மாதிரி புழங்கினாலும், 1883இன் தொடக்கத்தில் நியூயார்க்கில் அது அதிநாகரிக இளைஞரைக் கேலி செய்த சொல். அந்த ஜனவரி 14 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வந்த ஒரு கவிதையிலிருந்து பரவியது. ‘யாங்கி டூடுல்’ பாட்டின் டூடுலோடு அதை இணைக்கும் ஜெரால்டு கோஹன், பாரி பாபிக் ஆகியோரின் சான்றுகளைப் படித்தால், நல்ல விசாரணை எப்படி இருக்கும் என்று தெரியும்.

நவீன நாகரிகம் அறிந்த என்ற பொருள் தரும் ‘ஹிப்’ கடினம். 1904இலேயே அமெரிக்க அச்சில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியிலிருந்து வந்தது என்று 1960களின் இறுதியில் டேவிட் டால்பி சொன்னதை ஜெஸ்ஸி ஷைட்லோவர் கடுமையாக மறுத்தார். இரண்டு தரப்பையும் தனித்தனி வரிசையாக அடுக்குங்கள். அடிமை வணிகம் ஒழிந்த காலத்துக்கும் 1904க்கும் இடையே எத்தனை சீட்டு இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

வோட்ஹவுஸின் ‘புஷ்’ சீட்டை என்ன செய்வது? அச்சுக்கோப்பவரின் கைப்பிழையா, கேம்பிரிட்ஜில் உண்மையிலேயே அப்படி ஒரு தனிக் கொச்சை இருந்ததா? ஒரே சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 1890க்கும் 1914க்கும் நடுவே இன்னொரு ‘புஷ்’ கிடைக்கும்வரை தனி உறையில் வைத்திருங்கள்.